பொறியியல் துறையில் முதற் பெண்டிர்

பிழைப்பின் பொருட்டுச் சென்னையை விட்டுக் கல்கத்தாவில் குடியேறியோரை எண்ணுங்கால், அலுவலக எழுத்தரும் கணக்கருமே நம் நினைவுக்கு வருவர். 1948ஆம் ஆண்டில் அந்நகருக்குப் பணியேற்கச் சென்ற ஒரு பெண் பொறியாளரை நாம் நினைப்பதில்லை. சென்னையில் தெலுங்குக் குடும்பமொன்றில் 1919இல் பிறந்த அய்யலசோமயாஜுல லலிதா அவர்.

பதினைந்து வயதில் மணம், பதினெட்டில் கைம்மை, கையில் நான்கு மாதக் குழந்தை. அந்நாளில் இத்தகைய பெண்ணுக்கு வீட்டில் எந்த மூலை ஒதுக்கப்பட்டது என்பதை நம் பாட்டிமார் அறிவர். ஆனால் தந்தையார் பப்பு சுப்பாராவ் கிண்டிப் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர். முதல்வர் கே. சி. சாக்கோவின் இசைவு பெற்று, 1940இல் மகளை மின்பொறியியலில் சேர்த்தார். பின்னர் பி. கே. திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் ஆகிய இருவரும் கட்டடப் பொறியியல் பயில வந்தனர். பட்டச் சான்றிதழிலோ ஆண்பாற் சொல்லே அச்சாகியிருந்தது. அதனை அடித்துப் பெண்பாலாகத் திருத்திக் கொடுத்தனர்!

ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் பயிற்சி. சிம்லாவில் சில காலம். பின்னர் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம். அங்குச் சகோதரர் குடும்பம் இருந்தமையால் குழந்தையைப் பற்றிய கவலை குறைந்தது. மின்கடத்துப் பாதைகளையும் துணை மின்நிலையங்களையும் வடிவமைத்தார். பக்ரா நங்கல் திட்டத்திலும் அவர் உழைப்பு உண்டு. எனினும் கைம்பெண் தனியே வெளியூர் செல்வதை உலகம் ஒப்பாத காலம் அது. ஆகவே அவர் பணி பெரும்பாலும் வரைபட மேசையோடு நின்றது.

திரேசியாவின் பாதை வேறு. 1944இல் கொச்சி அரசின் மராமத்துத் துறையில் பிரிவு அதிகாரியாகச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, 1971இல் கேரளத்தின் தலைமைப் பொறியாளரானார். இந்தியாவில் அப்பதவியை எய்திய முதற் பெண்மணி அவரே. இருவரும் ஒரே கல்லூரியில் பயின்றவர்கள். ஒருவருக்குப் பணிக்களமும், அரசுப்பணியின் முறையான பதவிப்படிகளும் வாய்த்தன; மற்றவருக்கு உறவினரின் துணை மட்டுமே வாய்த்தது. தலைமை என்பது அறிவினால் மட்டும் அமைவதன்று என்றே நாம் கருதுகிறோம்.

1964இல் நியூயார்க்கில் பெண் பொறியாளர், அறிவியலாளரின் முதல் உலக மாநாடு கூடிற்று. நம் நாட்டில் பெண் பொறியாளர்க்கெனச் சங்கம் எதுவும் அன்று இல்லாமையால், லலிதா தனிப்பட்ட முறையிலேயே அதிற் கலந்துகொண்டார்.