தசைச் சிதைவும் சிறுநீரின் சாட்சியமும்

ஒரே குடும்பத்துச் சிறுவர்களை அடுத்தடுத்து முடக்கிய தசைச்சிதைவு நோயை லண்டன் மருத்துவர் எட்வர்ட் மெரியான் 1852-இல் விவரித்தார். இறந்த சிறுவனின் முதுகுத்தண்டும் நரம்புகளும் பழுதற்றிருந்தன. தசை இழையின் உறையோ உடைந்து கிடந்தது. பின்னர் 1861-இல் எழுதிய பிரெஞ்சு மருத்துவர் துஷேன், முதலில் மூளையையே காரணமாகக் கருதினார். ஆயினும் நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது.

உறை உடைந்தால் உள்ளிருப்பது எங்கே போகும்? இக்கேள்விக்கான தடயங்கள் சிறுநீரில் இருந்தன. கல்லீரல் முதலிய உறுப்புகளில் உருவாகும் கிரியேட்டினைத் தசை வாங்கிச் சேமிக்கும். அது சிதைந்து கிரியேட்டினினாகி வெளியேறும். பெயரில் ஓரெழுத்தே கூடுதல், பொருளில் பெரும் வேறுபாடு. தசைச்சிதைவுற்ற குழந்தைகளின் சிறுநீரில் முன்னது மிகுந்தும் பின்னது குறைந்தும் இருப்பதை இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆய்வாளர்கள் அளந்தனர். சேமிக்கும் களஞ்சியமே சுருங்கிவிட்டது என்பதே அதன் பொருள். ஆனால் நலமான சிறு குழந்தைகளும் சிறிது கிரியேட்டினை வெளியேற்றுவதால், இச்சோதனை நோயைத் தனித்துக் காட்ட உதவவில்லை.

இரண்டாவது தடயம் போரிலிருந்து வந்தது. 1941-இல், லண்டன் குண்டுவீச்சு இடிபாடுகளில் நசுங்கியோரின் பழுப்புநிறச் சிறுநீரையும் சிறுநீரகச் செயலிழப்பையும் பைவாட்டர்ஸும் பீலும் விவரித்தனர். அந்நிறம் தசையிலிருந்து கசிந்த மயோகுளோபினுடையது என்பது அவ்வாண்டிலேயே தெளிவாயிற்று. தசைச்சிதைவில் அன்றாடக் கசிவு மெதுவானது. பெரும்பாலும் நிறம் மாறுவதில்லை. கடும் உழைப்புக்குப் பின்போ, சக்சினைல்கோலின் போன்ற மருந்து கலந்த மயக்கத்தின் பின்போ தசை திடீரென உடையும்போதுதான் சிறுநீர் தேநீர் நிறமாகும். சோதனைப் பட்டை 'இரத்தம்' என்று காட்டும். நுண்ணோக்கியிலோ சிவப்பணுக்கள் இரா. சிறுநீரக நோய் என்றோ தொற்று என்றோ இதனைப் பிழையாகப் படிப்பது எளிது. அதே வேளையில் இரத்தத்தில் பெருகும் பொட்டாசியம் இதயத்தையே நிறுத்தக்கூடும். நோய் இன்னும் கண்டறியப்படாத சிறுவர்கள் மயக்கத்தின்போது இறந்ததையடுத்தே, 1990-களில் அம்மருந்தைக் குழந்தைகளுக்கு வழக்கமாகத் தருவது குறித்து அமெரிக்காவில் எச்சரிக்கை விடுக்கப்பட்டது.

1987-இல் டிஸ்ட்ரோஃபின் புரதம் அடையாளம் காணப்பட்டது. உறையைத் தாங்கும் அது இல்லாமையே உடைவுக்குக் காரணம். மெரியான் நுண்ணோக்கியில் கண்டதற்கு நூற்று முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த விளக்கம் இது.

கிரியேட்டினின் குறித்த பழைய கணக்கு மட்டும் இன்றும் தொல்லை தருகிறது. தசை குறைந்த இக்குழந்தைகளின் இரத்தத்தில் அதன் அளவு இயல்பாகவே தாழ்ந்திருப்பதால், சிறுநீரகம் பழுதுபட்ட பின்னும் ஆய்வறிக்கை 'சரி' என்றே சொல்லக்கூடும். ஆகவே தசையளவைப் பெரிதும் சாராத சிஸ்டாட்டின்-சி அளவை மருத்துவர்கள் நாடுகின்றனர்.