குப்பைமேடு சொல்லும் பாடம்



தோட்டப்புறத்து லயங்களின் பின்னால் குப்பைமேடுகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வாழைச்சருகு, காய்கறித் தோல், அடுப்புச் சாம்பல், சாணம் எல்லாம் அங்கே சேரும். பாட்டிமார் அதை வாரி வெண்டைக்கும் பூசணிக்கும் இடுவார்கள். நாலெழுத்துப் படித்த நாமோ அதைப் பட்டிக்காட்டு வழக்கமென்று ஒதுக்கினோம். அந்த மேட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு.

ஆல்பர்ட் ஹோவார்டு என்னும் ஆங்கிலேயத் தாவரவியல் அறிஞர் 1905ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்தார். உழவருக்குக் கற்பிக்க வந்தவர், நாளடைவில் உழவரையே தம் ஆசிரியர்களாகக் கொண்டார். 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆராய்ச்சி நடத்தினார். அந்நாட்டில் சாணத்தில் பெரும்பகுதி வறட்டியாகி அடுப்பில் எரிந்தது. நிலத்துக்கு எரு போதவில்லை. உள்ள சாணத்தைக் கொண்டு எருவைப் பெருக்குவது எப்படி? சீன உழவரின் பழைய வழக்கம் அவருக்கு வழிகாட்டியது. செடிகொடிக் கழிவு, சாணம், மாட்டுச் சிறுநீர் ஊறிய மண், மரச்சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, ஈரம் காத்து, மூன்று முறை புரட்டினார். ஏறக்குறைய 90 நாளில் நல்ல எரு கிடைத்தது. யஷ்வந்த் வாட் என்பவருடன் சேர்ந்து 1931இல் இதனை நூலாக்கினார். அதுவே 'இந்தூர் முறை'.

இம்முறை நம் மக்களையும் தொட்டது. 1940ஆம் ஆண்டளவில் சிங்கப்பூரில் சுகாதார அதிகாரியாக இருந்த டாக்டர் ஷார்ஃப், தமிழ்த் தொழிலாளர்கள் ஏறக்குறைய 500 பேரைக் கூட்டெருவிட்டுக் காய்கறி பயிரிடச் செய்தார். அதை உண்ட குடும்பங்களில் சோர்வும் நோயும் குறைந்ததாக அவர் எழுதினார். இது ஒருவர் கண்ட அனுபவமே, முறையான ஆய்வன்று. ஆயினும் பிறருக்காகவே உழைத்து வந்த கைகள் தம் பிள்ளைகளின் கீரைக்காக மண்ணைக் கொத்தின என்பதை நாம் மறக்கலாகாது.

பாட்டியின் குப்பைமேட்டில் குறைந்தது என்ன? காற்றுதான். அடியில் சுள்ளி பரப்புங்கள். காய்ந்த சருகு ஒரு சாண், பச்சைக் கழிவு நாலு விரல், மேலே கொஞ்சம் மண் என அடுக்குங்கள். பிழிந்த துணியின் ஈரம் போதும். நம் நாட்டு மழைக்கு மேலே கூரை வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். நாற்றம் போய் மண்வாசனை வந்தால் எரு தயார்.

அறிஞரே உழவரிடம் பாடம் கேட்டார். பாட்டியிடம் கேட்க நமக்கென்ன வெட்கம்?