தட்டணுக் குறைவும் தராசும்

அடிபடாமலே தோலில் செம்புள்ளிகள், ஈறில் ரத்தக் கசிவு, நிற்காத மூக்கு ரத்தம். இவற்றைத் தனி நோயாக 1735-இல் விவரித்தவர் ஜெர்மனியின் ஹனோவர் நகர மருத்துவர் வெர்ல்ஹோஃப். ரத்தத் தட்டணுக்கள் குறைவதால் வருவது இது என்று தெரிய மேலும் ஒன்றரை நூற்றாண்டு ஆனது. தட்டணுக்களை அழிக்கும் இடம் மண்ணீரல்தான் என்று கருதிய பிராக் நகர மருத்துவ மாணவர் பால் கஸ்னெல்சன், 1916-இல் ஒரு நோயாளியின் மண்ணீரலை அகற்றும்படி தம் பேராசிரியரை இணங்கவைத்தார். தட்டணு எண்ணிக்கை மளமளவென ஏறியது.

அழிக்கத் தூண்டுவது எது? 1950-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் வில்லியம் ஹாரிங்டன் என்ற இளம் மருத்துவர், நோயாளி ஒருவரின் ரத்தத்தை அரை லிட்டர் அளவு தமக்கே ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய தட்டணுக்கள் அடியோடு சரிந்தன, வலிப்பும் கண்டது. சில நாட்களில் தேறினார். இன்றைய நெறிக்குழு எதுவும் இதற்கு ஒப்புக்கொள்ளாது. தட்டணுக்களை அழிக்கும் பொருள் நோயாளியின் ரத்தத்திலேயே இருப்பது அன்று தெளிவாயிற்று. அது உடல் தனக்கெதிராக உண்டாக்கும் எதிர்ப்பொருள் என்பது பின்னர் உறுதிப்பட்டது.

இதுவரையிலான கதையில் உடல் எடைக்கு இடமில்லை. அதை உள்ளே கொண்டுவந்தவை மருந்துகள். 1950-களில் ஸ்டீராய்டு புழக்கத்துக்கு வந்தது. அவ்வகையைச் சேர்ந்த பிரட்னிசோலோன் மாத்திரை, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 மில்லிகிராம் என்பது நாளடைவில் வழக்கமாயிற்று. மாதக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்குப் பசி கூடியது, முகம் உப்பியது, வயிற்றில் கொழுப்புச் சேர்ந்தது. எடை பார்த்துக் கொடுத்த மருந்தே எடையை ஏற்றிவிட்டது.

1981-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பால் இம்பாக், நோயுற்ற குழந்தைகளுக்கு இம்யூனோகுளோபுலின் என்ற ரத்தப் புரதத்தைச் சிரை வழியாகச் செலுத்திப் பலன் கண்டார். அளவு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 0.4 கிராம், ஐந்து நாட்கள். 20 கிலோ குழந்தைக்கு மொத்தம் 40 கிராம் போதும்; 100 கிலோ எடையுள்ளவருக்கு 200 கிராம் வேண்டும். பலர் தரும் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கும் மருந்து என்பதால் விலையும் அதிகம், தட்டுப்பாடும் உண்டு. கொழுப்புத் திசுவில் இது அதிகம் பரவுவதில்லை. ஆகவே பருமனானவர்களுக்குத் தராசு காட்டும் எடையை விட்டு, உயரத்தை வைத்துத் திருத்திய எடைக்கு மருந்து கணக்கிடும் முறை பல மருத்துவமனைகளில் வந்தது.

கொழுப்பு வெறும் சேமிப்பு என்ற எண்ணம், அது சுரக்கும் லெப்டின் 1994-இல் கண்டறியப்பட்டபின் மாறியது. அந்த ஹார்மோன் நோயெதிர்ப்பு அணுக்களான டி செல்களையும் தூண்டும் என்று 1998-இல் தெரிந்தது. அதை மட்டும் வைத்துப் பருமன்தான் தட்டணுக் குறைவை உண்டாக்குகிறது என்று சொல்லிவிட முடியாது. மருந்தளவிலும் எடையின் இடம் ஒரேமாதிரி இல்லை: 2008-இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு அனுமதி பெற்ற இரு மருந்துகளில் ரோமிப்ளோஸ்டிம் ஊசியின் தொடக்க அளவு எடையைப் பொறுத்தது; எல்ட்ராம்போபேக் மாத்திரைக்கு எடைக் கணக்கு கிடையாது.