அரியமங்கலத்தின் அடிமண்

திருச்சிக்காரர்கள் குடிக்கும் தண்ணீர் மணல் வழியே வருகிறது. கம்பரசம்பேட்டையில் காவிரி மணலுக்குள் கிணறு இறக்கி, அதன் அடியிலிருந்து பக்கவாட்டில் துளையிட்ட குழாய்களை நீட்டியிருக்கிறார்கள். ஆற்றுநீர் மணலில் வடிந்து அவற்றுக்குள் இறங்குகிறது. குடிநீருக்கு இவ்வளவு நுணுக்கம் காட்டிய ஊர், தன் குப்பையிலிருந்து வடியும் நீருக்கு அடியில் ஒரு குழாய்கூடப் பதிக்காமல் பல பத்தாண்டுகள் குப்பை கொட்டியது.

1866-இல் திருச்சி நகராட்சியானது. அந்தக் காலத்துக் குப்பையில் பெரும்பகுதி சாம்பல், சாணம், இலை, காய்கறித் தோல். அது மக்கி வயலுக்கு எருவாகப் போகக்கூடிய பண்டம். பிளாஸ்டிக் வந்து கலந்த பிறகு உழவர் தொட முடியாத கலவை மிஞ்சியது; அது தஞ்சாவூர் சாலையோரம் அரியமங்கலத்தில் சுமார் 47 ஏக்கரில் மேடாக எழுந்தது. 1994-இல் திருவரங்கமும் பொன்மலையும் சேர்ந்து மாநகராட்சி பிறந்தபோது சுமை கூடியது. காந்தி மார்க்கெட்டின் அழுகிய காய்கறி, திருவரங்கத் தீவிலிருந்து வாழையிலை, மாலை, பூ எல்லாம் ஒரே மேட்டுக்கு வந்தன. கோடையில் மேடு தீப்பற்றும். புகை சாலையை மறைக்கும். அந்தப் பகுதி மக்கள் ஆண்டுக்கணக்காகப் பொறுத்த துன்பம் அது.

புகை கண்ணுக்குத் தெரியும். மழைக்காலத்தில் மேட்டுக்குள் இறங்கிக் கறுத்து வெளியேறும் குப்பைச் சாறு மண்ணுக்குள்ளேயே போய்விடும்.

2000-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் இதற்கு வழி சொல்லின. புதிதாக அமைக்கும் நிலநிரப்புக்கு அடியில் 90 செ.மீ. தடிப்பில் களிமண், அதன்மேல் 1.5 மி.மீ. எச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக் விரிப்பு வேண்டும். விரிப்பின்மேல் ஜல்லியும் துளைக் குழாயும் அமைத்தால் சாறு ஓரிடத்தில் சேரும், அதை எடுத்துச் சுத்திகரிக்கலாம். கம்பரசம்பேட்டைக் கிணற்றின் அதே தத்துவம்தான். வடிவது மட்டும் வேறு.

அந்த வேற்றுமையில்தான் சிக்கல். குப்பைச் சாற்றில் பாக்டீரியாவுக்குத் தீனியாகும் கரிம அமிலங்களும் கரைந்த சுண்ணாம்புச் சத்தும் நிறைய இருக்கும். பாக்டீரியா ஜல்லிக் கற்களின்மேல் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொண்டு அமிலத்தைத் தின்னும். அமிலம் குறையக் குறையக் கரைந்திருந்த சுண்ணாம்பு கால்சியம் கார்பனேட்டாகப் படியும். உப்புத் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் ஏறும் வெள்ளைப் படிவுக்கும் இதற்கும் உறவு உண்டு. கனடாவின் டொராண்டோ அருகே கீல் வேலி நிலநிரப்பில் ஜல்லியைத் தோண்டி எடுத்து ஆராய்ந்தார்கள். அடைப்பின் உலர்ந்த எடையில் பாதிக்கு மேல் கால்சியம் கார்பனேட். ஜல்லி அடைந்தால் சாறு விரிப்பின்மேல் குளமாகத் தேங்கும். தேங்கும் உயரம் கூடக்கூட, விரிப்பில் இருக்கும் சிறு பொத்தலும் அதிகமாகக் கசியும். அதனால்தான் பெரிய ஜல்லியும், கழுவிச் சுத்தம் செய்யத் தோதான குழாயும் வேண்டும் என்கிறார்கள் பொறியாளர்கள். ஆனால் முதல் மருந்து தீனியைக் குறைப்பதே. ஈரக் குப்பை மேட்டுக்குப் போகாவிட்டால் அமிலமும் குறையும், அடைப்பும் தள்ளிப்போகும்.

விரிப்புப் போட்ட ஊர்களின் கவலை இது. அடைப்பதற்குக் கூட ஒரு வடிகால் இல்லாதது அரியமங்கலத்தின் நிலை. சாறு மண்ணுக்குள் இறங்கும் அந்த இடத்திலிருந்து சற்றுத் தள்ளி உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓடுகிறது. சோழர் காலத்தது என்று சொல்லப்படும் இந்த வாய்க்கால், பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து நகரைக் கடந்து வயல்களுக்குப் போகிறது.

கடந்த பத்தாண்டுக்குள் திருச்சி திசை மாறியது. வார்டுகளில் நுண் உர மையங்கள் வந்தன. வீட்டு வாசலிலேயே மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் தூய்மைப் பணியாளர்கள் பிரித்து வாங்கினார்கள். தூய்மைக்காக நகரம் பெற்ற பாராட்டில் அவர்களின் உழைப்பே பெரும்பங்கு. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் பயோமைனிங் தொடங்கி, ஏழரை லட்சம் கனமீட்டருக்கு மேல் என்று மதிப்பிடப்பட்ட பழைய குப்பையைக் கிளறிச் சலித்தார்கள். மண் ஒருபுறம், கல் ஒருபுறம், துணியும் பிளாஸ்டிக்கும் இன்னொருபுறம். எரியக்கூடியது சிமென்ட் ஆலைகளுக்குப் போனது. சல்லடையில் சிக்காதது ஒன்றுண்டு: பல மழைக்காலங்களாக மேட்டிலிருந்து கீழே இறங்கிய சாறு. மேட்டை அள்ளியபின் வெறுமையாகத் தெரியும் நிலத்தின் அடிமண்ணையும், சுற்றுவட்டாரக் கிணற்று நீரையும் வருடந்தோறும் சோதிக்கும் வேலை அங்கே இருக்கிறது.