பண்டத்தின் தூய்மையும் தொழிலாளியின் உடலும்: இலத்திரனியற் பொருள்களில் நச்சுப்பொருட் கட்டுப்பாடு பற்றிய வரலாற்று நோக்கு

கைத்தொழில் வரலாற்றை எழுதுவோர் நச்சுப்பொருட் சட்டங்களைப் பற்றிப் பேசும்போது, அவை எவற்றைத் தடைசெய்தன என்று கூறுவதோடு பெரும்பாலும் அமைந்துவிடுகின்றனர். உற்பத்தி, விற்பனை, நுகர்வு, கழிவு என்னும் தொடரிலே சட்டம் எவ்விடத்தில் நின்று அத்தடையை விதிக்கின்றது என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. ஒரு சட்டம் யாருடைய உடலைக் காக்கின்றது என்பதைத் தீர்மானிப்பது அவ்விடமேயாகும். அண்மைக்கால உலக வணிகத்திலே பெருந்தாக்கம் விளைத்த ஐரோப்பியச் சட்டமொன்றை இக்கண்ணோட்டத்தில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மின், இலத்திரனியற் சாதனங்களில் அபாயகரமான சில பதார்த்தங்களின் உபயோகத்தைக் கட்டுப்படுத்தும் பணிப்புரை, 2002/95 என்னும் இலக்கத்துடன், 2003 ஜனவரி 27இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நிறைவேற்றப்பட்டது. 2006 யூலை 1 முதல், ஈயம், இரசம், கட்மியம், ஆறு வலுவளவுடைய குரோமியம், பிளாஸ்திக்கு எளிதில் தீப்பற்றாதிருக்கச் சேர்க்கப்படும் இருவகைப் புரோமீன் சேர்வைகள் ஆகிய ஆறும் குறித்த அளவுக்கு மேற்பட அடங்கிய புதிய சாதனங்களை அங்கு சந்தைப்படுத்த முடியாதாயிற்று. கட்மியத்துக்கு உச்ச எல்லை 0.01 சதவீதம், ஏனையவற்றுக்கு 0.1 சதவீதம். இவ்வெல்லை சாதனத்தின் மொத்த நிறைக்கு உரியதன்று. பொறிமுறையால் மேலும் பிரிக்கவியலாத ஒவ்வோர் ஒருசீரான பொருளுக்கும் அது தனித்தனியே பொருந்தும். ஒரு வானொலிப்பெட்டியின் திருகாணியிலே பூசப்பட்ட முலாம்கூடத் தன்னளவிலே தூய்மையானதாக இருத்தல் வேண்டும். 2011இல் இப்பணிப்புரை 2011/65 என்னும் இலக்கத்துடன் திருத்தி எழுதப்பட்டது. 2015இல் பிளாஸ்திக்கை மென்மையாக்கும் நான்கு தாலேற்றுகள் சேர்க்கப்பட்டமையால் பட்டியல் பத்தாக நீண்டது. கலிபோர்னியாவில் 2007 ஜனவரியிலும், சீனாவில் அதே ஆண்டு மார்ச்சிலும், இந்தியாவில் 2014 மேயிலும் இதனையொத்த விதிகள் நடைமுறைக்கு வந்தன.

இச்சட்டம் பற்றி முற்போக்காளரிடையே இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. ஒருசாரார் இதனைச் சூழலியக்கத்தின் வெற்றியாகக் கொள்வர். மறுசாரார் இது செல்வந்த நாடுகள் பசுமைப் போர்வையிலே எழுப்பிய வணிகத் தடை என்பர். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் இரண்டும் சந்தையின் வாயிலிலே நின்றே பேசுகின்றன என்பது மனங்கொளத்தக்கது. ‘மூலதனம்’ முதற்பாகத்திலே மார்க்ஸ் சந்தையின் இரைச்சலை விட்டகன்று, உற்பத்தி நடைபெறும் மறைவிடத்துக்குள் தம் வாசகரை இட்டுச் செல்வதை நாம் அறிவோம். இங்கும் அவ்வாறு செல்லவேண்டிய தேவை உண்டு.

அதற்குமுன் ஒரு பழைய வரலாற்றை நினைவுகூர்தல் பொருத்தமாகும். 1830களிலே வெண்பொசுபரசுத் தீக்குச்சி பெருமளவில் உற்பத்தி செய்யப்படலாயிற்று. எங்கும் உரசினால் தீப்பற்றும் மலிவான பண்டம் அது. சில ஆண்டுகளுக்குள்ளேயே அதனைச் செய்தோரின் தாடையெலும்பு அழுகத் தொடங்கியது; வியன்னாவில் லோரின்சர் என்னும் மருத்துவர் 1845இல் இந்நோயை விவரித்தார். வேலைநாள் பற்றிய அத்தியாயத்திலே மார்க்ஸ் இத்தொழிலை எடுத்துப் பேசுவதற்கு, அதிற் சிறுவர்கள் பெருந்தொகையாக ஈடுபடுத்தப்பட்டமையும் ஒரு காரணமாகும். இலண்டனில் பிரயன்ற் அன் மே தொழிற்சாலையின் பெண்களும் சிறுமியருமாக ஏறத்தாழ 1,400 பேர் 1888 யூலையில் வேலைநிறுத்தம் செய்தனர். தண்டப்பணமும் வேலைநீக்கமும் அதன் உடனடிக் காரணங்களாயினும், நஞ்சு அப்போராட்டத்தின் பின்னணியில் இருந்தது. தாடைநோய்ச் சம்பவங்களை மறைத்தமைக்காக அக்கம்பனி 1898இல் தண்டிக்கப்பட்டது.

பரிகாரம் ஒன்றும் அறியப்படாததன்று. தீங்கு குறைந்த செம்பொசுபரசுத் தீக்குச்சி சுவீடனிலே ஏற்கனவே செய்யப்பட்டு வந்தது. பின்லாந்து 1872இலும் டென்மார்க் 1874இலும் வெண்பொசுபரசைத் தடைசெய்துவிட்டன. ஏனைய நாடுகளின் அரசுகளோ காற்றோட்டத்தைத் திருத்துதல், பற்களைப் பரிசோதித்தல் முதலிய தொழிற்சாலை விதிகளோடு நெடுங்காலம் அமைந்திருந்தன. தனியொரு நாடு தடைசெய்தால் அண்டைநாட்டு மலிவுக் குச்சி தன் சந்தையைப் பிடித்துவிடும் என்ற அச்சமே தயக்கத்தின் அடிப்படை. 1906இன் பேர்ண் உடன்படிக்கை இம்முடிச்சை அவிழ்த்தது. உற்பத்தியை மாத்திரமன்றி, வெண்பொசுபரசு அடங்கிய தீக்குச்சியின் இறக்குமதியையும் விற்பனையையும் அது தடைசெய்தது. பிரித்தானியா 1908இல் சட்டமியற்றி 1910 முதல் அதனை நடைமுறைப்படுத்தியது. நோய் படிப்படியாக மறைந்தது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறுவது இரட்டைப் பாடமாகும். பண்டத்தின்மீது விதிக்கப்படும் தடை தொழிலாளிக்குப் பயன்தராது என்று பொதுவிதியாகக் கூறமுடியாது. தொழிற்சாலை விதிகள் தோற்ற இடத்திலே பண்டத் தடை வென்றது. அவ்வெற்றிக்கோ ஒரு தனிக் காரணம் இருந்தது. தீக்குச்சியின் நுனியில் இருந்த அதே நஞ்சுதான் அதனைத் தோய்த்தெடுத்தவளின் தாடையையும் அரித்தது. பண்டத்தில் எஞ்சும் நஞ்சும் உடலிற் புகும் நஞ்சும் ஒன்றாக இருந்தமையால், ஒன்றைத் தடுக்க மற்றதும் தடுக்கப்பட்டது. மேலும் அவ்வுடன்படிக்கை தொழிலாளர் பாதுகாப்பையே தன் நோக்கமாகக் கொண்டிருந்தது. 1900இல் அமைந்த தொழிற்சட்டங்களுக்கான சர்வதேசச் சங்கத்தின் முயற்சியில் உருவானது.

ஐரோப்பியப் பணிப்புரையின் பிறப்பு வேறுவகையானது. அதனோடு ஒருசேர நிறைவேற்றப்பட்ட இலத்திரனியற் கழிவுப் பணிப்புரை ஐரோப்பிய உடன்படிக்கையின் சூழற் பாதுகாப்புக்குரிய 175ஆம் உறுப்புரையை ஆதாரமாகக் கொண்டது. பதார்த்தக் கட்டுப்பாட்டுப் பணிப்புரையோ உட்சந்தையை ஒருமைப்படுத்தும் 95ஆம் உறுப்புரையின்மீது நிறுவப்பட்டது. அங்கத்துவ நாடுகளின் வேறுபட்ட விதிகள் பண்டங்களின் சுதந்திரமான நடமாட்டத்துக்கு இடையூறாகக் கூடாது என்பதே இதன் சட்ட அடிப்படை. இவ்வேறுபாடு எத்துணை விலையுயர்ந்தது என்பதை 2001ஆம் ஆண்டின் இறுதியிலே சோனி நிறுவனம் கண்டுகொண்டது. அந்நிறுவனத்தின் விளையாட்டுச் சாதனங்கள் ஏறத்தாழப் பதின்மூன்று இலட்சத்தை நெதர்லாந்து அதிகாரிகள் தடுத்து நிறுத்தினர். இணைப்பு வடங்களிலே கட்மியம் அந்நாட்டின் சட்ட எல்லையை மிஞ்சியிருந்தது. நத்தார் விற்பனைக் காலத்திலே பண்டங்கள் களஞ்சியத்தில் முடங்கின. அதன்பின்னரே சோனி தனக்குப் பாகங்களை வழங்கும் கம்பனிகள் யாவற்றையும் பதார்த்தப் பரிசோதனை முறையொன்றினுள் கொணர்ந்தது. தொழிலாளர் இயக்கம் நூறாண்டு கேட்டுப் பெறாத நுணுக்கமான மேற்பார்வையைத் துறைமுகத்திலே தங்கிய சரக்கு சில மாதங்களிற் பெற்றுத்தந்தது என்று கூறினால் அது மிகையாகாது.

சட்டத்துக்கு இணங்குதல் என்பது நடைமுறையில் யாது? அதன் மையத்தில் நின்றது பற்றாசு, அதாவது மின்சுற்றுப் பலகையிலே பாகங்களைப் பற்றவைக்கும் கலப்புலோகம். நெடுங்காலமாக வழங்கிவந்த பற்றாசு 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கொண்டது. 183 பாகை செல்சியசில் உருகுவது. அதன் இடத்தைப் பெரும்பாலும் பிடித்தது 96.5 பங்கு வெள்ளீயமும் 3 பங்கு வெள்ளியும் அரைப் பங்கு செப்பும் கொண்ட கலவை. இது உருகுவதற்கு ஏறத்தாழ 217 பாகை வேண்டும். ஆகவே உலைகளும் பிளாஸ்திக்குப் பாகங்களும் மாற்றப்பட வேண்டியிருந்தன. தூய வெள்ளீயப் பூச்சிலிருந்து காலப்போக்கில் மயிரிழைபோல் ஊசிகள் முளைத்து மின்சுற்றைக் கெடுக்கும் என்ற பழைய சிக்கலும் மீண்டது. ஈயம் 85 சதவீதத்துக்கு மேற்பட்ட உயர்வெப்பப் பற்றாசு போன்றவற்றுக்கு விதிவிலக்குகள் அளிக்கப்பட்டன. 2011இன் பணிப்புரை போர்த்தளபாடங்களையும் விண்வெளிக்கு அனுப்பப்படுவனவற்றையும் தன் வரம்புக்கு வெளியே நிறுத்தியது. ஏவுகணைக்குள் இருக்கும் ஈயம் நச்சுப்பொருளாகக் கணிக்கப்படுவதில்லை போலும்.

ஈயம் அகற்றப்பட்டமை நன்றே. குப்பைமேட்டிலே பலகைகளை எரித்து உலோகம் பிரிக்கும் ஏழைகளுக்கும், நிலத்தடி நீருக்கும் அதனால் நன்மை உண்டு. ஆயினும் பற்றாசுக் கோலுடன் நாள்முழுதும் அமர்ந்திருக்கும் பெண்ணின் நிலையை நோக்குமிடத்து, கதை சிக்கலாகின்றது. பற்றவைக்கும் வெப்பத்தில் ஈயம் ஆவியாகும் அளவு மிகச் சிறிது. அதனை அவள் உட்கொள்வது பெரும்பாலும் கைவழியாகவே. அவள் சுவாசிக்கும் புகையின் பெரும்பகுதி, பற்றாசு நன்கு ஒட்டுதற்காகச் சேர்க்கப்படும் பைன்மரப் பிசினிலிருந்து எழுவது. அது தொய்வு நோயை உண்டாக்கும் என்பது தொழில் மருத்துவத்தில் நன்கறியப்பட்ட உண்மை. அப்பிசின் பட்டியலில் இல்லை. புதிய கலவையில் வெள்ளீயத்தின் பங்கு மிகுந்தமையையும், அதன் கணிசமான பகுதி இந்தோனேசியாவின் பங்கா தீவிலே நிலமும் கடலடியும் தோண்டப்பட்டுப் பெறப்படுவதையும், அச்சுரங்கங்களில் தொழிலாளர் மண்சரிந்து மாள்வதையும் இங்கு குறித்து மேற்செல்லலாம்.

இணங்கலின் மறுபாதி காகிதம். இறுதிச் சாதனத்தைச் சந்தைப்படுத்துவோர் தொழில்நுட்ப ஆவணங்களைப் பத்தாண்டுகள் பேணல் வேண்டும். அதற்காக அவர் பாகங்களை விற்றோரிடம் உறுதிமொழி கேட்பார். அவர் தமக்கு மூலப்பொருள் விற்றோரிடம் கேட்பார். இவ்வாறு அது சங்கிலியின் கடைக்கண்ணியாகிய சிறு துணைக்குத்தகைப் பட்டறை வரை இறங்கும். ஊடுகதிர்க் கருவியை ஒரு கம்பித் துண்டின்மீது பிடித்தால் அதிலுள்ள ஈயத்தின் அளவு சில நொடிகளிலே திரையில் தோன்றும். பல கண்டங்களிலே சிதறிக்கிடக்கும் உற்பத்தியை ஒரு பண்டத்தின் உள்ளிருந்து இவ்வளவு நுட்பமாக வாசிக்க முடியும் என்பது முன்னர் நடைமுறைக்கு ஒவ்வாததாகவே சொல்லப்பட்டது. முதலாளித்துவத்தின் உற்பத்திச் சக்திகள் எதனை இயலுமாக்கியுள்ளன என்பதற்கு இது நல்ல சான்று. எதனை அறியவேண்டும் என்பதைத் தீர்மானிப்பன உற்பத்தி உறவுகளே.

கருவியின் கண்ணுக்குப் புலப்படாதவை உள. இலத்திரனியற் கைத்தொழிலிலே தொழிலாளரை மிக வருத்திய நஞ்சுகளுட் பல, கழுவுதற்கும் துடைத்தற்கும் வார்ப்புருக்களைப் பதித்தற்கும் பயன்படும் கரைப்பான்கள். வேலை முடிந்ததும் ஆவியாகி மறைவதே அவற்றின் சிறப்பு. அவை பண்டத்தில் எஞ்சுவதில்லை. எஞ்சாதவற்றைப் பண்டச்சட்டம் காண்பதில்லை. மசாசூசெட்ஸ் மாநிலத்துக் குறைகடத்தித் தொழிற்சாலை ஒன்றிலே கருச்சிதைவு மிகுந்திருப்பதை ஆய்வொன்று 1986இல் வெளிப்படுத்தியது. கிளைக்கோல் ஈதர்களுக்கும் அதற்குமுள்ள தொடர்பை, கைத்தொழில் நிறுவனங்களே செலவிட்டு நடத்திய ஆய்வுகளும் 1992இல் உறுதிசெய்தன. சீனாவின் சூசோ நகரிலே, தாய்வானிய வின்டெக் கம்பனி தொடுதிரைகளைத் துடைக்க மதுசாரத்துக்குப் பதிலாக என்-ஹெக்சேனைப் புகுத்தியது. அது விரைவில் உலரும். ஆகவே மணித்தியாலத்துக்குக் கூடுதலான திரைகளைத் துடைக்கலாம். 2009இல் தொழிலாளரின் கைகால்கள் மரத்துத் தளர்ந்தன. 2010 ஜனவரியில் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. அத்திரைகளை வாங்கிய அப்பிள் நிறுவனம், பாதிக்கப்பட்டோர் 137 பேர் என 2011இல் ஒப்புக்கொண்டது. இறுதிப் பொருத்துகையில் பென்சீனையும் என்-ஹெக்சேனையும் அது விலக்கியது 2014 ஓகத்திலே. அதுவும் சட்டத்தின் ஆணையால் அன்று, தொழிலாளர் அமைப்புகளின் பிரசாரத்தின் பின் தன் சொந்த விதியாகவே. வின்டெக் துடைத்த திரையொன்றை ஊடுகதிர்க் கருவியின் கீழ் வைத்திருப்பின், அது ஐயமின்றித் தேறியிருக்கும்.

ஐரோப்பியப் பணிப்புரையிலே தொழிலாளி முற்றாக இல்லை என்று கூறுவது நேர்மையாகாது. 2011இன் திருத்தம், புதிய பதார்த்தங்களைச் சேர்ப்பதற்கு ஆராயும்போது, கழிவைச் சேகரித்துப் பதப்படுத்தும் தொழிலாளருக்கு நேரும் பாதிப்பையும் கருதவேண்டும் என்கிறது. பண்டத்தை உடைப்பவர் இடம்பெற்றுவிட்டார். அதனைச் செய்தவர் இடம்பெறவில்லை. இதனை வெறும் கவனக்குறைவாகக் கொள்ள முடியாது. பண்டம் சந்தைக்குள் நுழையும் கணத்திலேதான் அச்சட்டத்தின் அதிகாரம் பிறக்கின்றது. அதற்கு முந்திய உழைப்பு, பண்டத்தில் உறைந்த உழைப்பாகவே அதன்முன் வந்து நிற்கும். மனித உறவுகள் பொருள்களின் இயல்புகளாகத் தோற்றும் மாயை இங்கு சட்ட வடிவம் பெற்றுவிடுகிறது.

இம்மாயையின் எதிர்ப்பக்கத்தைத் தென்கொரியாவிலே காண்கிறோம். சாம்சுங் கம்பனியின் கிகுங் குறைகடத்தித் தொழிற்சாலையில் பாடசாலைக் கல்வி முடிந்தவுடன் சேர்ந்த பெண்ணொருத்தி இரத்தப் புற்றுநோய்க்குள்ளாகி, 2007 மார்ச்சில், இருபதுகளின் தொடக்கத்திலேயே இறந்தாள். வாடகைக்கார்ச் சாரதியான அவளது தந்தை கம்பனியின் சமாதானத்தை ஏற்க மறுத்தார். அவ்வாண்டு நவம்பரிலே உருவான பனோலிம் என்னும் இயக்கம் இதையொத்த நோயாளரை ஒவ்வொருவராகத் தேடித் திரட்டியது. அவளது நோய் தொழிலால் நேர்ந்ததென 2011இல் நிருவாக நீதிமன்றமும் 2014இல் மேல்நீதிமன்றமும் ஏற்றன. 2018 நவம்பரிலே கம்பனி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு இழப்பீட்டுக்கு உடன்பட்டது.

அப்பதினோராண்டுப் போராட்டத்தில் நோயாளருக்கு மிகப்பெரிய தடையாக இருந்தது, தாம் எந்த இரசாயனங்களிடையே வேலை செய்தனர் என்பதை நிறுவ முடியாமையே. அவற்றின் பெயர்கள் வணிக இரகசியம் எனப்பட்டன. வேலைத்தள அளவீட்டு அறிக்கைகளை வெளியிடுமாறு மேல்நீதிமன்றமொன்று 2018 பெப்ரவரியில் தீர்ப்பளித்தபோது, அவற்றில் தேசிய முக்கியத் தொழில்நுட்பம் அடங்கியுள்ளதென அரசின் கைத்தொழில் அமைச்சு கூறியது. 2019 ஓகத்திலே, அத்தகைய தகவல்கள் வெளியிடப்படுவதைக் கட்டுப்படுத்தும் வகையில் கைத்தொழில் நுட்பப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டது. அதற்குச் சில நாட்களுக்கு முன், அதே ஆண்டு யூலை 22இல், ஐரோப்பாவிலே நான்கு தாலேற்றுகள் மீதான கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்திருந்தது. அந்நாள் முதல், கொரியாவிலே செய்யப்பட்டவை உட்பட, ஐரோப்பியச் சந்தைக்குச் செல்லும் தொலைபேசி ஒவ்வொன்றினதும் வடத்திலும் உறையிலும் அவற்றின் அளவு ஆயிரத்திலொரு பங்கை மிஞ்சவில்லை என்பதற்கு ஆவணம் காட்ட வேண்டியதாயிற்று.