கோல்ட்ரிஃப்: பாட்டிலில் எழுதியிருந்த பெயர்களும் எழுதாத ஒரு பெயரும்

"டாக்டர், ஜெனரிக் வாங்கலாமா, இல்ல நல்ல பிராண்டா பார்த்து வாங்கணுமா?" என்ற கேள்வி வராத நாளே இல்லை. இன்னைக்கு அதுக்கு வரலாற்றிலிருந்து பதில் சொல்லப் போறேன். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதின்னா நமக்கு கார், செல்போன், டயர் ஞாபகம் வரும். அதே பெங்களூரு நெடுஞ்சாலையில், சுங்குவார்சத்திரத்தில், ஸ்ரேசன் என்ற சின்ன மருந்து கம்பெனி ஒன்று இருந்தது. அவங்க தயாரித்த இருமல், சளி சிரப்புக்கு கோல்ட்ரிஃப் என்று பெயர். 2025ல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா மாவட்டத்தில் சின்னக் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறக்க ஆரம்பித்தார்கள். சாதாரண சளி, காய்ச்சலுக்கு மருந்து குடித்த குழந்தைகள். கடைசியில் எண்ணிக்கை 20ஐத் தாண்டியது.

அக்டோபர் 1ஆம் தேதி தகவல் வந்ததும், ஆயுத பூஜை விடுமுறையிலும் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அந்தக் கம்பெனிக்குள் போய் மாதிரி எடுத்தது. எஸ்.ஆர்-13 என்ற பேட்ச்சில் டைஎத்திலீன் கிளைகால் இருந்தது. எவ்வளவு தெரியுமா? 48.6 சதவீதம். அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பு 0.1 சதவீதம். ஏறக்குறைய பாதி பாட்டில் விஷம்.

இப்போ அந்தப் பாட்டிலில் இருந்த பெயர்களைப் பார்ப்போம்.

கோல்ட்ரிஃப் என்பது பிராண்ட் பெயர். கம்பெனி தானே வைத்துக்கொண்டது. அடுத்து பாராசிட்டமால், ஃபினைல்எஃப்ரின், குளோர்ஃபெனிரமின். இவை ஜெனரிக் பெயர்கள். உலக சுகாதார நிறுவனம் 1950களிலிருந்தே ஒவ்வொரு மருந்து மூலக்கூறுக்கும் எல்லா நாட்டுக்கும் பொதுவான ஒரு பெயர் வைத்துவருகிறது. பாராசிட்டமால் என்பதே பாரா-அசிட்டைல்-அமினோ-ஃபீனால் என்ற நீள வேதிப்பெயரைக் கத்தரித்து ஒட்டியதுதான். (அமெரிக்கர்கள் அதே பெயரை வேறு இடத்தில் கத்தரித்து அசிட்டமினோஃபென் என்கிறார்கள். இங்கிருந்து போன எத்தனையோ பேர் அங்கே கடையில் பாராசிட்டமாலைத் தேடி அலைந்திருக்கிறார்கள்!)

ஆனா குழந்தைகளைக் கொன்றது இந்த மூன்றும் இல்லை. மருந்தைக் கரைக்க ஒரு திரவம் வேணும்ல? வழக்கமா புரோப்பிலீன் கிளைகால், கிளிசரின், சார்பிட்டால் போடுவாங்க. மருந்துத் தரத்தில் வாங்கி, ஒவ்வொரு டிரம்மையும் டெஸ்ட் பண்ணிப் போடணும். பல இருமல் சிரப் லேபிள்களில் கடைசி வரியில் "ஃப்ளேவர்டு சிரப் பேஸ் – க்யூ.எஸ்." என்று இருக்கும். "சுவையூட்டிய பாகு, தேவையான அளவு" என்று அர்த்தம். அவ்வளவுதான் விவரம். சுங்குவார்சத்திரத்தில் விஷம் வந்தது அந்தக் கடைசி வரி வழியாக. மருந்துத் தரமில்லாத புரோப்பிலீன் கிளைகாலை டெஸ்ட் பண்ணாமலே பயன்படுத்தியதாக ஆய்வில் தெரிந்தது.

டைஎத்திலீன் கிளைகால் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். நிறமில்லை, கொழகொழன்னு, லேசான இனிப்பு. பிரேக் ஆயில், ஆன்டிஃப்ரீஸ் மாதிரி பொருட்களில் இருக்கவேண்டிய சரக்கு. உடம்புக்குள் போனா டைகிளைகாலிக் அமிலமா மாறி சிறுநீரகக் குழாய்களை அழிக்கும். குழந்தைக்கு மூத்திரம் நின்னு போகும்.

இது புதுசு இல்லைங்க. இதுக்கு 88 வருஷம் முன்னாடி நடந்ததைக் கேளுங்க.

1935ல் ஜெர்மனியின் பேயர் கம்பெனி புரோன்டோசில் என்ற பிராண்டில் ஒரு அற்புத மருந்தைக் கொண்டுவந்தது. பாக்டீரியா தொற்றை அடக்கும் மருந்து. கொஞ்ச நாளிலேயே பாரிஸ் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்காரங்க, அதுக்குள்ளே உண்மையில் வேலை செய்வது சல்ஃபனிலமைடு என்ற எளிய பொருள்தான்னு கண்டுபிடிச்சாங்க. அது 1908லேயே தயாரிக்கப்பட்டது, காப்புரிமை காலாவதி. அப்புறம் யார் வேணும்னாலும் தயாரிக்கலாம், ஆளுக்கொரு பெயரில் விற்கலாம்.

அமெரிக்காவில் மாசென்கில் என்ற கம்பெனி, மாத்திரை முழுங்க முடியாத குழந்தைகளுக்காக 1937ல் அதை திரவமாக்கியது. சல்ஃபனிலமைடு லேசில் கரையாது. அவங்க கெமிஸ்ட் டைஎத்திலீன் கிளைகாலில் கரைத்து, ராஸ்பெர்ரி சுவை சேர்த்து, "எலிக்சிர் சல்ஃபனிலமைடு" என்று பெயர் வைத்தார். விஷத்தன்மை சோதனை எதுவும் செய்யவில்லை. அன்றைய சட்டம் கேட்கவும் இல்லை. 105 பேர் இறந்தார்கள், அதில் 34 குழந்தைகள்.

இங்கேதான் முக்கியமான விஷயம். அந்த மருந்தைக் கைப்பற்ற அரசாங்கத்துக்கு சட்டத்தில் கிடைத்த ஒரே பிடி அதன் பெயர்! "எலிக்சிர்" என்றால் ஆல்கஹால் இருக்கணும். இதில் ஆல்கஹால் இல்லை, ஆக தவறான பெயர் என்று வழக்கு. கம்பெனி அதுக்கு "சொல்யூஷன்" என்று பெயர் வைத்திருந்தா, 100 பேரைக் கொன்ற பிறகும் அதைத் தொட சட்டத்தில் வழி இருந்திருக்காது. அபராதம் 26,100 டாலர். அடுத்த வருஷம், 1938ல், விற்பனைக்கு முன்பே பாதுகாப்பை நிரூபிக்கணும்னு அமெரிக்காவில் புதுச் சட்டம் வந்தது.

நம்ம ஊருக்கு 1940ல் மருந்துச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் 1972ல் இதே சென்னையில், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில், 14, 15 குழந்தைகள் இதே விஷத்தால் இறந்தார்கள். 1986ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் கிளிசரின் வழியாக 14 பேர். 1998ல் குருகிராமில் 33 குழந்தைகள். 2020 வாக்கில் ஜம்முவின் ராம்நகரில் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். அந்த சிரப்பின் பெயர் கோல்ட்பெஸ்ட்-பிசி. 2022ல் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகள், ஏற்றுமதி செய்தது இந்தியக் கம்பெனி.

ஒவ்வொரு தடவையும் பெயர் வேற, விஷம் ஒன்னுதான்.

நடுவில் பெயரை வைத்து ஒரு போராட்டமும் நடந்தது. 1975ல் ஹாத்தி கமிட்டி, பிராண்ட் பெயர்களைப் படிப்படியாக ஒழித்து ஜெனரிக் பெயரில் மட்டும் விற்கணும்னு பரிந்துரைத்தது. அனால்ஜின், ஆஸ்பிரின் உட்பட ஐந்து மருந்துகளில் ஆரம்பிக்க அரசு முயன்றது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின, திட்டம் படுத்துவிட்டது. 2018ல், லேபிளில் ஜெனரிக் பெயர் பிராண்ட் பெயரைவிட இரண்டு அளவு பெரிய எழுத்தில் இருக்கணும்னு விதி வந்தது. நல்ல விதிதான். ஆனா மூன்று அல்லது அதற்கு மேல் மருந்துகள் சேர்ந்த கலவைகளுக்கு விலக்கு. கோல்ட்ரிஃபில் எத்தனை மருந்து? மூன்று.

இன்னொன்னு எனக்கு இன்னும் கோபம் வரவைக்கும். காம்பியாவுக்குப் பிறகு, 2023 ஜூன் முதல், ஏற்றுமதியாகும் இருமல் சிரப்பை அரசு ஏற்ற லேபில் டெஸ்ட் பண்ணி சான்றிதழ் வாங்கியே அனுப்பணும்னு ஆணை போட்டாங்க. கப்பல் ஏறும் பாட்டிலுக்கு அந்தக் காவல். சிந்த்வாராவுக்கு லாரியில் போன பாட்டிலுக்கு அது கிடையாது.

ஸ்ரேசனில் நடந்த ஆய்வில் 364 குறைபாடுகள் பதிவாகின. உரிமையாளர் கைதானார், உரிமம் ரத்தானது. உரிமம் 2011லிருந்து இருந்தது, நடுவில் புதுப்பிக்கவும்பட்டது.

அதனால் பிராண்டா ஜெனரிக்கா என்ற கேள்விக்கு என் பதில்: கோல்ட்ரிஃபும் ஒரு பிராண்ட்தான். அச்சடித்த பெயர் தரத்துக்கு ஜாமீன் ஆகாது. ஜெனரிக் பெயர் உள்ளே என்ன மருந்து என்று சொல்லும், அதைக் கரைத்த திரவம் சுத்தமா என்று சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது டெஸ்ட் ரிப்போர்ட், அதைக் கேட்க வேண்டியது அரசு.

பெற்றோருக்கு மட்டும் சில வார்த்தை. இரண்டு வயசுக்குக் கீழே இருமல், சளி சிரப் வேண்டாம். ஐந்து வயசுக்குக் கீழேயும் பொதுவாகத் தேவையில்லை. மத்திய சுகாதாரத் துறையே 2025 அக்டோபரில் இதைச் சொல்லிவிட்டது. லேபிளில் குளோர்ஃபெனிரமின், ஃபினைல்எஃப்ரின் இரண்டும் சேர்ந்து இருந்தா நாலு வயசுக்குக் கீழே கூடாது என்று 2023லேயே உத்தரவு. எந்த சிரப் கொடுத்தாலும் பாட்டிலைத் தூக்கிப் போடாதீங்க, அதில் பேட்ச் நம்பர் இருக்கு. மருந்து கொடுத்த பிறகு குழந்தை வாந்தி எடுத்தாலோ, சிறுநீர் போவது குறைந்தாலோ, நாளைக்குப் பார்க்கலாம்னு இருக்காதீங்க. பாட்டிலையும் கையில் எடுத்துக்கிட்டு அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க.