பூமிக்கடியில் ஒரு நகரம்: கப்படோக்கியாவில் ஒரு நாள்

நமது இதழில் அன்பர்கள் காசி, கயிலை, அமெரிக்கா என்று தங்கள் பயண அனுபவங்களை எழுதி வருகிறார்கள். அடியேனும் ஒரு பயணத்தைப் பற்றி எழுத முன்வந்துள்ளேன். ஆனால் இது பயணக் கட்டுரை மட்டுமல்ல. போன இடத்தின் சரித்திரம் என்னை இன்னும் விடவில்லை என்பதே எழுதக் காரணம்.

2023 அக்டோபரில், எனக்கு 74 வயது நடக்கும்போது, நானும் என் மனைவியும் துருக்கி சென்றோம். மும்பையில் இருக்கும் மாப்பிள்ளை எல்லா ஏற்பாடுகளையும் செய்து கொடுத்திருந்தார். அம்மாதம் 29ஆம் தேதி துருக்கிக் குடியரசின் நூற்றாண்டு விழா. ஊரெங்கும் சிவப்புக் கொடிகள். இஸ்தான்புல் பார்த்துவிட்டு, நாட்டின் நடுப்பகுதியான கப்படோக்கியாவுக்கு விமானத்தில் போய், கோரெமே என்ற சிற்றூரில் தங்கினோம். மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு வேன் வந்தது. எங்களோடு பல தேசத்தார் பத்துப் பேர். வழிகாட்டி முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண், நல்ல ஆங்கிலம்.

முதலில் ஒரு மேட்டில் நிறுத்திப் பள்ளத்தாக்கைக் காட்டினாள். தொப்பி போட்ட கூம்புகளாக ஆயிரக்கணக்கில் பாறைத் தூண்கள். அவற்றுக்குத் துருக்கியர் வைத்திருக்கும் பெயருக்கு ‘தேவதைகளின் புகைபோக்கி’ என்று பொருள். பி.எஸ்ஸி. படித்தவன் என்பதால் தேவதைகளை விட்டுவிட்டுக் காரணத்தைத் தேடினேன். எர்ஜியெஸ் (சுமார் 3,900 மீட்டர் உயரம்), ஹஸன் முதலான எரிமலைகள் லட்சக்கணக்கான ஆண்டுகளாகக் கக்கிய சாம்பல் படிந்து இறுகி, ‘டஃப்’ என்ற மிருதுவான பாறையாயிற்று. அதன்மேல் ஆங்காங்கே கடினமான பாறைப் படலம். மழையும் காற்றும் மிருதுவான பாறையை அரித்துத் தள்ளின. மேலே கடினக் கல் குடை பிடித்த இடம் மட்டும் தூணாக நின்றுவிட்டது. குடை விழுந்தால் தூணும் சில காலத்தில் கரைந்துவிடும்.

இந்தப் பாறையைச் சாதாரண இரும்புக் கருவியால் குடையலாம். குடைந்தபின் காற்றுப் பட்டு மேற்பரப்பு இறுகிவிடும். மரம் அரிதான நாட்டில் வீடு கட்ட இதைவிட வேறென்ன வேண்டும்? கோடையில் குளுமை, குளிரில் கதகதப்பு. இன்றைக்கும் இப்பகுதிக் குகைகளில் எலுமிச்சையும் உருளைக்கிழங்கும் டன் கணக்கில் சேமித்து வைக்கிறார்கள். மின்சாரச் செலவில்லாத குளிர்பதனக் கிடங்கு.

ஆனால் இயற்கை கொடுத்த இந்த வசதியில் ஒரு விஷமும் கலந்திருந்தது. துஸ்கோய், கராயின் முதலிய சில கிராமங்களில் மட்டும் நுரையீரல் உறையைப் பற்றும் ஓர் அபூர்வப் புற்றுநோய் கணக்கில்லாமல் வந்தது. அந்தக் கிராமங்களின் பாறையில் இருந்த எரியோனைட் என்ற நார்போன்ற கனிமமே காரணம் என்பது, 1970களில் துருக்கி மருத்துவர் பாரிஷ் தொடங்கிய ஆய்வுகளின் வழியே வெளிப்பட்டது. 1987ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. சுற்றுலாப் பயணிகள் பயப்பட வேண்டியதில்லை. வழிவழியாக அந்த வீட்டில் பிறந்து, அந்தத் தூசியையே சுவாசித்தவர்களுக்கு நேர்ந்த துன்பம் அது.

அடுத்து அன்றைய முக்கிய நிகழ்ச்சி: தெரின்குயு என்ற பாதாள நகரம். ‘தெரின்’ என்றால் ஆழம், ‘குயு’ என்றால் கிணறு. மேலே சாதாரணச் சிற்றூர். கடைகள், தூசி, வெயில், அருகில் பூட்டிக் கிடக்கும் 19ஆம் நூற்றாண்டுக் கிரேக்க தேவாலயம். டிக்கெட் வாங்கிக்கொண்டு ஒரு வாசலில் நுழைந்தால் படிகள் கீழே போகின்றன. போய்க்கொண்டே இருக்கின்றன.

“ஏன்னா, முட்டி வலின்னு நேத்திக்குத்தானே தைலம் தேய்ச்சேள்? இதெல்லாம் தேவையா?” என்றாள் என் மனைவி. தேவைதான் என்று பிடிவாதமாக இறங்கினேன். பாதை மிகக் குறுகல். ஓர் ஆள்தான் போகலாம். ஐந்தடி எட்டு அங்குலம் உள்ள நான் முதுகை வளைத்து, தலையை மார்பில் இடித்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. இரண்டு இடங்களில் மூச்சு முட்டுவதுபோல் இருந்தது. ஆனால் காற்றில் குறையில்லை, மனத்தில்தான். மேலிருந்து கீழ்வரை செங்குத்தாக இறங்கும் காற்றுக் குழல் ஒன்றே சுமார் 55 மீட்டர் ஆழம். அதன் விளிம்பில் கையை நீட்டினால் சில்லென்று காற்று தொடுகிறது.

நகரத்தின் மொத்த ஆழம் சுமார் 85 மீட்டர். பயணிகள் எட்டுத் தளங்கள் வரை பார்க்கலாம். மேல் தளங்களில் மாட்டுத் தொழுவம், திராட்சை பிழியும் தொட்டி, தானிய அறை. வளைவுக் கூரையுள்ள ஒரு நீண்ட கூடத்தைப் பாடசாலை என்று காட்டினாள். கடைசித் தளத்தில் சிலுவை வடிவில் குடைந்த கோயில். 20,000 பேர் வரை தங்கலாம் என்று சொல்லப்படும் கணக்கு ஒரு மதிப்பீடுதான். கணக்குத் துறையில் 36 வருஷம் இருந்தவன் என்ற முறையில் அதை அப்படியே ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கம். ஆனால் ஊர் முழுவதும் ஆடு மாடுகளோடு சில வாரங்கள் ஒளிந்திருக்கலாம் என்பதில் சந்தேகமில்லை.

என் மனைவி கேட்ட கேள்வி என்னுடையதைவிடப் பிரயோஜனமானது: “தண்ணிக்கு என்ன பண்ணினா?” வழிகாட்டிக்கு மொழிபெயர்த்தேன். நிலத்தடியிலேயே கிணறுகள் உண்டு. சில கிணறுகளுக்கு மேல் தளங்களில் வாயே வைக்கவில்லை, பகைவன் மேலிருந்து நஞ்சு போட முடியாதபடி, என்றாள்.

என்னை வெகுநேரம் நிறுத்தி வைத்தது கல்கதவு. நமது வீட்டு அம்மிக் கல்லை அல்ல, எந்திரக் கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். அதைப் பலமடங்கு பெரிதாக்கி, நாலைந்தடி விட்டத்தில், ஒரு முழக் கனத்தில் நிமிர்த்தி வைத்தால் எப்படி இருக்கும்? சில நூறு கிலோ எடை. நடைபாதையின் பக்கவாட்டுப் பள்ளத்தில் நின்றிருக்கும். ஆபத்து வந்தால் உள்ளே இருப்பவர்கள் உருட்டி வாசலை அடைத்துவிடலாம். உள்ளிருந்துதான் திறக்கலாம், வெளியிலிருந்து பிடித்துத் தள்ள இடமே கிடையாது. ஒவ்வொரு தளத்தையும் இப்படித் தனித்தனியே மூடிக்கொள்ள முடியும்.

இதை யார், எப்போது வெட்டினார்கள்? ஹிட்டைட்டுகள் என்பார் உண்டு, கி.மு. 8, 7ஆம் நூற்றாண்டு ஃப்ரிஜியர் என்பார் உண்டு. கட்டிய கட்டடத்துக்குக் காலம் சொல்லலாம். செங்கல், மரம், சுண்ணாம்பு இருக்கிறது. குடைந்த இடத்தில் இருப்பது வெறும் வெளி. இல்லாத கல்லை எந்தப் பரிசோதனைச் சாலையிலும் கொடுக்க முடியாதே! எனினும் 7ஆம் நூற்றாண்டு முதல் அரபுப் படைகள் எல்லை தாண்டி வந்துபோன சுமார் முந்நூறு ஆண்டுக் காலத்தில்தான், பைஜாந்தியப் பேரரசின் கிறிஸ்தவக் குடிகள் இவற்றைப் பெரிதாக விரிவாக்கினர் என்பது பெரும்பாலோர் கருத்து. நிலத்தடிப் பொந்துகளில் வாழ்ந்ததால் இந்நாட்டார் குகைவாசிகள் எனப்பட்டதாக 10ஆம் நூற்றாண்டுச் சரித்திராசிரியர் லியோ எழுதி வைத்திருக்கிறார்.

நமக்கு ஸ்வாரஸ்யமான செய்தி ஒன்று. இங்கிருந்து வடக்கே சில மணி நேரப் பயணத்தில் உள்ளது பொகாஸ்கோய், ஹிட்டைட்டுகளின் பழைய தலைநகர். 1906ல் தொடங்கிய அகழ்வில் அங்கே கிடைத்த களிமண் ஏடுகளில் ஒன்று, கி.மு. 14ஆம் நூற்றாண்டில் ஹிட்டைட் மன்னனும் மித்தன்னி மன்னனும் செய்துகொண்ட உடன்படிக்கை. அதற்குச் சாட்சியாக அழைக்கப்பட்ட தெய்வங்களில் மித்ரன், வருணன், இந்திரன், நாஸத்யர் பெயர்கள் உள்ளன. தினமும் சந்தியாவந்தனத்தில் மித்ரனையும் வருணனையும் நினைக்கும் நமக்கு இது மெய்சிலிர்க்கும் விஷயம்தான்.

பிற்பகல் இஹ்லாரா பள்ளத்தாக்கு. மெலெண்டிஸ் என்ற சிற்றாறு பாறையை அறுத்துக்கொண்டு சுமார் 14 கி.மீ. ஓடுகிறது. சுமார் 400 படி இறங்கினால் பாப்ளர் மர நிழல், இருபுறமும் செங்குத்துப் பாறை, அதில் குடைந்த கோயில்கள், உள்ளே மங்கிய சுவரோவியங்கள். எட்டிய உயரத்தில் இருந்த திருமுகங்களின் கண்களை மட்டும் யாரோ சுரண்டியிருந்தார்கள். பெலிசிர்மாவில் ஆற்றோரம் மதிய உணவு. மற்றவர்களுக்கு மீன். எங்களுக்குப் பருப்பு சூப், மண்சட்டியில் காய்கறி, சாதம், கெட்டித் தயிர். ஊறுகாய் எங்களிடமே இருந்தது. பிறகு செலிமேயில் மலையையே குடைந்த ஒரு பெரிய வளாகம். கூம்பு வடிவப் புகைபோக்கியுடன் சமையலறை, தூண் வைத்த கூடம். மடாலயம் என்று சொல்லப்பட்டு வந்ததை, ஒரு பெருந்தனக்காரரின் மாளிகை என்று இக்கால ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள்.

திரும்பும் வழியில் வேனில் வழிகாட்டியிடம் கேட்டேன்: “தெரின்குயு எப்போது கண்டுபிடிக்கப்பட்டது?” அவள் சொன்ன பதில் எல்லாப் புத்தகத்திலும் உள்ளதுதான். 1963ல் ஒருவர் தம் வீட்டைப் புதுப்பிக்கச் சுவரை இடித்தார்; பின்னால் ஓர் அறை, அதற்குப் பின்னால் ஒரு வழி. 1969ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். சற்றுப் பொறுத்து அவளே, “ஆனால் அது தொலைந்து போய் நாற்பது வருஷம்தான் ஆகியிருந்தது” என்றாள்.

விஷயம் இதுதான். 1909 முதல் 1911 வரை இப்பகுதிக்கு வந்து கிரேக்கக் கிளைமொழிகளைப் பதிவு செய்தவர் டாக்கின்ஸ் என்ற ஆங்கிலேய மொழியியலாளர். 1909ல் அதானா நகரில் நடந்த படுகொலைச் செய்தி எட்டியதும், ஆக்ஸோ என்ற கிராமத்தார் பெருமளவில் நிலத்தடி அறைகளில் புகுந்து, சில இரவுகள் மேலே படுக்கவே துணியவில்லை என்று 1916ல் வெளிவந்த தம் நூலில் குறித்திருக்கிறார். ஆக, ஆயிரம் ஆண்டுப் பழக்கம் 20ஆம் நூற்றாண்டிலும் உயிரோடு இருந்தது.

1923 ஜனவரி 30 அன்று லோசான் நகரில் துருக்கியும் கிரேக்கமும் ஓர் ஒப்பந்தம் செய்தன. துருக்கியிலிருந்த கிரேக்க ஆசாரக் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கும், கிரேக்கத்திலிருந்த முஸ்லிம்கள் துருக்கிக்கும் கட்டாயமாக மாற்றப்பட்டனர். முன்பே போரில் ஓடியவர்களையும் சேர்த்தால் அங்கே போனவர்கள் சுமார் 12 லட்சம். இங்கே வந்தவர்கள் மூன்றரை லட்சத்துக்கு மேல். மதம் ஒன்றே அளவுகோல், பாஷை அல்ல. துருக்கி மொழி மட்டுமே பேசி, அதைக் கிரேக்க எழுத்தில் எழுதி வந்த கிறிஸ்தவர்களும் போக வேண்டியதாயிற்று. கப்படோக்கியர் பேசிய கிரேக்கமோ 1960களில் அழிந்துவிட்டது என்றே அறிஞர்கள் எண்ணினர். 2005ல்தான் கிரேக்க கிராமங்கள் சிலவற்றில் அதைப் பேசுவோர் இருப்பது தெரிய வந்தது.

போனவர்கள் எடுத்துக்கொண்டு போனது சாமான்களை மட்டுமல்ல, எந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்ற ஞானத்தையும்தான். அந்த வீடுகளில் குடியேறியவர்களுக்கு அதைச் சொல்ல யாருமில்லை. வழிகாட்டியின் கொள்ளுத் தாத்தாவே சலோனிகா பக்கத்திலிருந்து அப்படி வந்தவராம். “அவருக்குக் கொடுத்த வீட்டில் அடுப்பு எங்கே புகை விடும் என்பதைக் கண்டுபிடிக்கவே ஒரு குளிர்காலம் ஆயிற்று என்று பாட்டி சொல்வாள்” என்றாள்.

எனக்கு உடனே தில்லி நினைவு வந்தது. 1972ல் வேலையில் சேர்ந்து கரோல்பாக்கில் ஓர் அறையில் குடியிருந்தேன். வீட்டுக்காரர் முல்தானிலிருந்து 1947ல் வந்த ஒரு லாலாஜி. கோடை இரவுகளில் மாடியில் கட்டில் போட்டுப் படுத்தபடி, விட்டுவந்த வீட்டின் ‘தைகானா’வைப் பற்றிச் சொல்வார், வெயிலுக்குப் பயந்து பகலெல்லாம் குடும்பமே தங்கும் நிலவறை. கிளம்பும் நாளில் அதன் கதவை மூடி, விறகை அடுக்கி மறைத்துவிட்டு வந்தாராம், திரும்பி வரும் நம்பிக்கையில். “இப்போது இருப்பவர்களுக்கு அது தெரியுமோ, இல்லை வெயிலில் வாடுகிறார்களோ” என்பார். கோபத்தைவிட அந்தக் கவலைதான் அவர் குரலில் அதிகம். 1940களின் தொடக்கத்தில் பாகிஸ்தான் கோரிக்கையைப் பற்றி டாக்டர் அம்பேத்கர் எழுதிய நூலில், துருக்கி, கிரேக்க மக்கள் பரிமாற்றம் முன்னுதாரணமாகக் காட்டப்பட்டுள்ளது. அதை நான் படித்திருக்கிறேன். ஆனால் ஏட்டில் ஒரு வரியாக இருந்தது, அன்று அந்த வேனில்தான் லாலாஜியின் முகத்தோடு எனக்கு விளங்கியது.

போக விரும்பும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். ஏப்ரல், மே அல்லது செப்டம்பர், அக்டோபர் உகந்தது. மூட்டு வலி, இருதயக் கோளாறு, மூடிய இடத்தில் பயம் உள்ளவர்கள் பாதாள நகரத்தைத் தவிர்க்கலாம். கோரெமே திறந்தவெளி அருங்காட்சியகத்தின் குகைக் கோயில்களே போதும். பிடிப்புள்ள காலணி அவசியம். சைவ உணவுக்குத் தட்டில்லை. முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.

ஊர் திரும்பியதும் லாலாஜியின் மகனுக்குத் தொலைபேசினேன். அவர் தில்லியில் பிறந்தவர். இப்போது அவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. தைகானாவைப் பற்றிப் பேச்செடுத்தபோது, “அப்பா எங்களிடம் முல்தானைப் பற்றிப் பேசியதே இல்லையே!” என்றார். அரை மணி நேரம் எனக்கு நினைவிருந்ததையெல்லாம் சொன்னேன். கடைசியில், “கொஞ்சம் இருங்கள், பேனா எடுத்து வருகிறேன். முதலிலிருந்து சொல்லுங்கள்” என்றார்.